லேபிளைக் குடிப்பவர்கள்

மது நாட்டுக்கும் வீட்டுக்கும் உயிருக்கும் கேடு. பாட்டிலில் போட்டிருந்ததை நானும் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். கிண்டலுக்கு இல்லை, நிஜமாகவே கேடுதான். இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு யாரும் புதிதாக ஆரம்பிக்க வேண்டாம். அதே சமயம், குடிக்காதவர்களும் தைரியமாகப் படிக்கலாம். காபிப் பொடியோ பட்டுப் புடவையோ பாசுமதி அரிசியோ, எதைக் காசு கொடுத்து வாங்கினாலும் இதே கதைதான்.

வெளிநாட்டிலிருந்து வரும் மச்சினர் ஏர்போர்ட்டில் வாங்கிவரும் பாட்டிலைப் பார்த்திருப்பீர்கள். உருளை வடிவ அட்டைப் பெட்டி. உள்ளே பட்டுத்துணியில் சுற்றிய குழந்தை மாதிரி ஒரு சிங்கிள் மால்ட். அதைக் கையில் வாங்கியதும் நம்மவர்கள் செய்கிற காரியங்களைக் கவனியுங்கள். முதலில் ஊரைப் படிக்கிறார்கள்: "ஓ, ஹைலேண்ட்!" அப்புறம் வயது: "பன்னிரண்டு வருஷமா!" அப்புறம் வெளிச்சத்தில் தூக்கி நிறம் பார்க்கிறார்கள். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "என்ன விலை மாப்பிள்ளை?" ருசி எப்படி என்று யாருமே கேட்பதில்லை. அதற்குள் சோடாவும் ஐஸும் வந்துவிடுகின்றன. கூடவே ஊறுகாய்.

ஊர், வயது, நிறம், விலை. இந்த நான்கும் லேபிள் சமாசாரங்கள். உள்ளே இருக்கும் திரவத்தைப் பற்றி இவை எவ்வளவு உண்மை சொல்கின்றன? ஸ்காட்லாந்தின் ஹைலேண்ட் மால்ட்களில் நாலு பாட்டில்களை எடுத்துக்கொண்டு பார்த்துவிடலாம். க்ளென்மாரஞ்சி, ஓபன், டால்மோர், க்ளைனலிஷ். மதிப்புரை என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலும் எனக்குப் பழக்கமான பெயர்கள். நாலுக்கும் யாரும் எனக்குக் காசு கொடுக்கவில்லை.

முதலில் இலக்கணம். 'சிங்கிள்' என்றால் ஒரே பீப்பாய் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, ஒரே டிஸ்டிலரி. 'மால்ட்' என்றால் முளைகட்டிய பார்லி. முளைகட்டிய பார்லி, தண்ணீர், ஈஸ்ட் மூன்றையும் வைத்துக்கொண்டு, ஒரே டிஸ்டிலரியில், பானை மாதிரியான செப்பு வாலையில் காய்ச்சி வடித்து, 700 லிட்டருக்கு மேற்படாத ஓக் மரப் பீப்பாயில், ஸ்காட்லாந்து மண்ணிலேயே குறைந்தது மூன்று வருஷம் ஊறப் போட வேண்டும். ஆல்கஹால் 40 சதவிகிதத்துக்குக் குறையக் கூடாது. 2012 நவம்பரிலிருந்து பாட்டிலில் அடைப்பதும் ஸ்காட்லாந்துக்குள்தான் நடந்தாக வேண்டும். சட்டம் அவ்வளவு கறார்.

இவ்வளவு கறாரான சட்டம், 'ஹைலேண்ட்' என்ற வார்த்தைக்கு என்ன அர்த்தம் சொல்கிறது தெரியுமா? ஒரு கோடு. அவ்வளவுதான்.

1784-ல் பிரிட்டிஷ் பார்லிமென்ட் வாஷ் ஆக்ட் என்று ஒரு சட்டம் போட்டது. சாராய வரி சம்பந்தப்பட்டது. ஸ்காட்லாந்தின் மேற்கே க்ளைடு கழிமுகத்திலிருந்து கிழக்கே டே கழிமுகம் வரை ஏறத்தாழ ஒரு கோடு கிழித்து, கோட்டுக்கு வடக்கே ஒரு வரி, தெற்கே ஒரு வரி என்றார்கள். வடக்கே மலைநாடு. ஏழைகள், சின்னச் சின்ன வாலைகள், திருட்டுச் சாராயம் அதிகம். அங்கே வரியைக் குறைத்தால் சட்டத்துக்குள் வருவார்கள் என்று கணக்கு. கோட்டை இழுத்தவர்களுக்கு வரி வசூல்தான் கவலை. ருசியைப் பற்றி அவர்கள் யோசிக்கவே இல்லை.

அந்த வரியெல்லாம் எப்போதோ போய்விட்டது. கோடு மட்டும் லேபிளில் தங்கிவிட்டது. 2009-ல் வந்த ஸ்காட்ச் விஸ்கி விதிகள் கிட்டத்தட்ட அதே கோட்டைத்தான் ஹைலேண்டின் எல்லையாக வைத்திருக்கின்றன. அந்த விதிகளின்படி ஸ்கை தீவில் தயாராகும் டாலிஸ்கரும் ஹைலேண்ட்தான். அது புகை வாசனையும் மிளகுக் காரமும் சேர்ந்து மூக்கில் அறைகிற ரகம். அதே ஹைலேண்டில் க்ளென்மாரஞ்சி, கன்னத்தைத் தடவிவிட்டுப் போகிற ரகம். இன்னொரு வேடிக்கை: ஸ்பேசைடில் இருக்கும் மகாலன், தன் லேபிளில் 'ஹைலேண்ட் சிங்கிள் மால்ட்' என்று போட்டுக்கொள்கிறது. சட்டம் அதற்கும் இடம் கொடுக்கிறது. மயிலாப்பூர்க்காரர் விசிட்டிங் கார்டில் 'சென்னை' என்று போட்டுக்கொள்கிற மாதிரி. தப்பில்லை. ஆனால் அதிலிருந்து அவர் வீட்டு ரசம் எப்படி இருக்கும் என்று கண்டுபிடிக்க முடியாது.

'ஹைலேண்ட் மால்ட் என்றால் இப்படித்தான் இருக்கும்' என்று யாராவது ஆரம்பித்தால் நீங்கள் மெல்லச் சிரித்துக்கொள்ளலாம்.

சரி, எப்படிக் குடிப்பது? குடிப்பதற்கு முன் முகர வேண்டும். நாக்குக்குத் தெரிந்தது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு மாதிரி நாலைந்து விஷயம்தான். மிச்சம் எல்லாம் மூக்கின் உபயம். ஜலதோஷம் வந்தால் சாம்பாருக்கும் ரசத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் போகிறதே, அந்த விஞ்ஞானம்தான். வாய் குறுகலான கிளாஸ் நல்லது. க்ளென்கேர்ன் என்று 2001-ல் சந்தைக்கு வந்த, தாமரை மொட்டு மாதிரியான ஒரு கிளாஸ் இப்போது உலகம் முழுக்கப் புழங்குகிறது. மூக்கை உள்ளே நுழைத்து மூச்சை இழுக்காதீர்கள். ஆல்கஹால் ஏறி மூக்கு மரத்துவிடும். வாயை லேசாகத் திறந்து வைத்துக்கொண்டு, சமையலறைப் பக்கம் போகும்போது என்ன வாசனை என்று பார்ப்போமே, அந்த மாதிரி.

ஐஸ் வேண்டாம். குளிர்ந்தால் வாசனை அடங்கிவிடும். தண்ணீர் சேர்க்கலாம். பச்சையாகக் குடிப்பதுதான் வீரம் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு செய்தி. 2017-ல் ஸ்வீடனின் லினேயஸ் பல்கலைக்கழகத்தில் இரண்டு விஞ்ஞானிகள் கம்ப்யூட்டரில் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். விஸ்கியின் புகை மணத்துக்குக் காரணமான க்வாயகால் என்ற மூலக்கூறு, ஆல்கஹால் அதிகமாக இருந்தால் திரவத்துக்குள் முங்கிக் கிடக்கிறது. தண்ணீர் சேர்த்தால் மேற்பரப்புக்கு வருகிறது, அதாவது உங்கள் மூக்குக்குப் பக்கத்தில். ஆகவே, சில சொட்டுத் தண்ணீர் கோழைத்தனம் இல்லை.

இனி பாட்டில்கள்.

க்ளென்மாரஞ்சி. 'ஆரஞ்சி'யோடு எதுகை வருகிற மாதிரி உச்சரிக்க வேண்டும். ஹைலேண்டின் வடகிழக்கில் டெய்ன் என்ற ஊரில் 1843-லிருந்து இருக்கிறது. இதன் செப்பு வாலைகளின் கழுத்து 5.14 மீட்டர் உயரம். ஸ்காட்லாந்திலேயே உயரம் இதுதான். கழுத்து நீண்டிருந்தால் என்ன ஆகும்? ஆவி மேலே ஏறும்போது கனமான பொருள்கள் பாதி வழியில் களைத்துப்போய்த் திரும்பக் கீழே விழுந்துவிடும். லேசானவை மட்டும் மறுபக்கம் போய்ச் சேரும். அதனால்தான் க்ளென்மாரஞ்சி அவ்வளவு மென்மை. இந்த வடிவம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், ஆரம்ப காலத்தில் லண்டனில் ஜின் காய்ச்சிக்கொண்டிருந்த வாலைகளை செகண்ட்ஹேண்டில் வாங்கி மாட்டினார்கள் என்கிறார்கள். அதாவது, ஹைலேண்டின் புகழ்பெற்ற மென்மைக்கு மூலம் லண்டன்.

முகர்ந்தால் ஆரஞ்சுத் தோல், தேன், வெனிலா. இந்த வெனிலாவுக்கும் ஸ்காட்லாந்துக்கும் சம்பந்தம் இல்லை. அமெரிக்காவில் பர்பன் விஸ்கியைப் புதிய, உள்பக்கம் கருக்கிய ஓக் மரத்தில்தான் ஊறப் போட வேண்டும் என்று சட்டம். ஒரு தடவை உபயோகித்த பீப்பாயில் மறுபடி பர்பன் போடக் கூடாது. அந்தக் கழித்த பீப்பாய்கள் கப்பலேறி ஸ்காட்லாந்துக்கு வருகின்றன. ஓக் மரத்தில் உள்ள லிக்னின் சூட்டில் உடைந்து வெனிலின் ஆகிறது. வெனிலாக் காயில் இருக்கும் அதே வஸ்து. அமெரிக்கக் காட்டு மரத்தின் வாசனையை நாம் 'ஆகா, ஹைலேண்ட்!' என்று இழுத்து முகர்கிறோம். பார்லியாவது உள்ளூராக இருக்க வேண்டும் என்று சட்டம் கேட்கிறதா என்றால், அதுவும் இல்லை.

இப்போது வயது. லேபிளில் 12 என்று போட்டிருந்தால், பாட்டிலுக்குள் இருப்பதிலேயே இளையவருக்கு 12 வயது என்று அர்த்தம். கண்ணாடிக்குள் போனபின் வயது ஏறாது. 1995-ல் அடைத்த 12 வருஷ விஸ்கி, நீங்கள் பீரோவில் பத்திரப்படுத்தி மகன் கல்யாணத்துக்குத் திறந்தாலும் 12-தான். க்ளென்மாரஞ்சியின் அடிப்படை பாட்டில் வெகுகாலம் 10 வருஷமாக இருந்தது. 2024-ல் அதை 12 ஆக்கினார்கள். கொஞ்சம் வழவழப்பு கூடியிருக்கிறது. ஆனால் அதே இரண்டு வருஷம் வேறு ஒரு பீப்பாயில் ஒன்றுமே செய்யாமல் போயிருக்கலாம். நாலு தடவை உபயோகித்த பீப்பாய், நாலாவது தடவை கொதிக்க வைத்த டீத்தூள் மாதிரி. எத்தனை வருஷம் ஊறினால் என்ன?

தவிர, வருஷம் என்பது எல்லா ஊரிலும் ஒரே நீளம் இல்லை. ஸ்காட்லாந்துக் குளிரில் பீப்பாயிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 2 சதவிகிதம் ஆவியாகிறது. 'தேவதைகளின் பங்கு' என்று அழகாகச் சொல்கிறார்கள். பெங்களூரின் அம்ருத் டிஸ்டிலரியில் 10 சதவிகிதத்துக்கும் மேல். நம்மூர் தேவதைகளுக்குத் தாகம் ஜாஸ்தி. மரமும் அந்த வேகத்தில் சாராயத்தோடு கலக்கிறது. 2004-ல் அம்ருத் தன் சிங்கிள் மால்ட்டை, திருநெல்வேலிக்கே அல்வா மாதிரி, கிளாஸ்கோவில் கொண்டுபோய் அறிமுகம் செய்தது. வயதைப் போட்டிருந்தால், 'இவ்வளவு சின்னப் பையனா?' என்று மூஞ்சியைத் திருப்பியிருப்பார்கள். போடவில்லை. குடித்துப் பார்த்தார்கள். ஜிம் மர்ரே என்ற விமர்சகர், தன் 2010-ம் வருஷத்து 'விஸ்கி பைபி'ளில் அம்ருத் ஃப்யூஷனுக்கு 97 மார்க் போட்டு உலகத்தில் மூன்றாவது என்றார். வயது என்பது தகவல். மார்க்கு இல்லை.

க்ளென்மாரஞ்சிக்கு என் தீர்ப்பு: முதன்முதலாக சிங்கிள் மால்ட் என்ன என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல வாத்தியார் இல்லை. அடிக்க மாட்டார். ஆனால் பத்தாவது தடவை, 'சார், வேற ஏதாவது சொல்லுங்களேன்' என்று கேட்கத் தோன்றும்.

அடுத்தது ஓபன். மேற்குக் கடற்கரையில் ஒரு சின்னத் துறைமுக ஊர். 1794-ல் டிஸ்டிலரி வந்தது. ஊர் அப்புறம்தான் அதைச் சுற்றி வளர்ந்தது. பின்னால் பாறை, முன்னால் தெரு. விரிவாக்க இடமே இல்லை. இன்றைக்கும் இரண்டே வாலைகள், அதுவும் குட்டி. 14 வருஷம், 43 சதவிகிதம். 1988-ல் 'க்ளாசிக் மால்ட்ஸ்' என்று ஆறு பாட்டில்களை ஒரே வரிசையில் நிறுத்தி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரதேசத்தின் பெயர் கொடுத்து விற்றார்கள். அதில் ஓபனுக்கு 'மேற்கு ஹைலேண்ட்' என்று பட்டம். சட்டத்தில் அப்படி ஒரு பிரதேசம் கிடையாது. இன்று உலகம் முழுக்க 'ஊருக்கு ஒரு ருசி' என்று பேசுவதற்கு அந்த வியாபார வரிசைக்கும் பெரிய பங்கு உண்டு.

ஓபனைப் பற்றி எழுதுகிற எல்லோரும் கடலைக் கொண்டுவந்து விடுவார்கள். 'உப்பங்காற்று', 'படகுக் கயிறு', 'கடற்பாசி'. நாக்கில் ஒரு காய்ந்த உப்புத்தன்மை இருப்பது வாஸ்தவம். ஆனால் பள்ளிக்கூடத்து விஞ்ஞானத்தை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். உப்புத் தண்ணீரைக் காய்ச்சி வடித்தால் உப்பு பானையிலேயே தங்கிவிடும். ஆவியோடு ஏறி வராது. அப்புறம் இந்தக் கடல் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் பாட்டில் மேல் இருக்கும் ஊர்ப் பெயரிலிருந்து.

இதைச் சோதிக்க ஒரு சனிக்கிழமை நண்பர்கள் நாலு பேரைக் கூப்பிட்டு, நாலு பாட்டிலையும் பழைய நியூஸ்பேப்பரில் சுற்றி, நம்பர் போட்டு, ஆளுக்கு ஒரு ஸ்பூன் அளவு ஊற்றினோம். வருஷக் கணக்காக ஓபன் பக்தராக இருக்கும் ஒரு வங்கி அதிகாரி, இரண்டாம் நம்பரை முகர்ந்து கண்ணை மூடி, "கடல் சார், கடல்!" என்றார். பேப்பரைப் பிரித்தால் க்ளென்மாரஞ்சி. மனிதர் பெருந்தன்மையாகச் சிரித்தார். ஆனால் அன்றைக்கு எல்லோருக்கும் பிடித்த பாட்டில்களில் நிஜமான ஓபன் இரண்டாவதாக வந்தது. அதுவும் லேபிள் தெரியாமலே. அதற்குப் பின்னால் எதற்குக் கடல்? ஆரஞ்சுத் தோல், தேன், தூரத்தில் யாரோ சருகு எரிக்கிற மாதிரி லேசான புகை, கடைசியில் உப்பாக ஒரு முடிவு. நாலிலும் கட்டுக்கோப்பானது ஓபன். எதுவும் துருத்திக்கொண்டு நிற்கவில்லை. நல்ல கச்சேரியில் தம்புரா, மிருதங்கம், வயலின் எல்லாம் அதனதன் இடத்தில் கேட்குமே, அப்படி.

மூன்றாவது டால்மோர். இங்கேதான் நிறமும் விலையும் வருகின்றன.

டால்மோர் பாட்டிலைப் பார்த்தாலே மரியாதை வரும். உலோகத்தில் பன்னிரண்டு கொம்புக் கிளைகளோடு ஒரு கலைமான் தலை. உள்ளே கருஞ்சிவப்பாக, பழைய தேக்குமர பீரோவின் பளபளப்பில் விஸ்கி. ஸ்பெயினின் ஷெர்ரி மது ஊறிய பீப்பாய்களிலிருந்து ஓரளவு நிறம் வருவது உண்மை. மிச்சம் எங்கிருந்து? கேரமல் நிறமி. ஸ்காட்ச்சில் தண்ணீரைத் தவிர சேர்க்க அனுமதி உள்ள ஒரே சங்கதி இதுதான். ஜெர்மனியில் விற்கும்போது 'நிறம் சேர்க்கப்பட்டது' என்று லேபிளில் சொல்லியாக வேண்டும். அங்கே டால்மோர் பாட்டிலும் அப்படிச் சொல்கிறது. மற்ற பல நாடுகளில் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே சொல்வதில்லை.

நிறத்தால் என்ன சார், ருசி மாறப்போகிறதா என்று கேட்பீர்கள். நாக்கில் மாறாது. மண்டையில் மாறும். பிரான்ஸின் போர்தோ பல்கலைக்கழகத்தில் ஒயின் படிக்கும் மாணவர்கள் 54 பேருக்கு ஒரு சோதனை வைத்தார்கள். 2001-ல் பிரசுரமானது. வெள்ளை ஒயினில் வாசனையில்லாத சிவப்புச் சாயத்தைக் கலந்து கொடுத்து, வர்ணிக்கச் சொன்னார்கள். படிக்கிற பிள்ளைகள், சிவப்பு ஒயினுக்கு உரிய வார்த்தைகளையே எழுதினார்கள். கண் முதலில் குடித்துவிடுகிறது. மூக்கும் நாக்கும் அதற்கு ஜால்ரா போடுகின்றன. கருப்பாக இருந்தால் பழசு, பழசாக இருந்தால் ஒசத்தி என்று நமக்குள் ஒரு ரயில்பாதை போட்டுவைத்திருக்கிறோம். கேரமல் சேர்ப்பவர்களுக்கு அந்தப் பாதை நன்றாகத் தெரியும்.

விலை? 2010-ல் டால்மோர் 'ட்ரினிடாஸ்' என்ற 64 வருஷ விஸ்கி, ஒரு பாட்டில் ஒரு லட்சம் பவுண்டுக்கு விற்றது. அந்த வருஷம் டால்மோரின் முதலாளி யார் தெரியுமா? நம்ம விஜய் மல்லையா. 2007-ல் அவருடைய யுனைடெட் ஸ்பிரிட்ஸ், வைட் அண்ட் மெக்கே கம்பெனியை 595 மில்லியன் பவுண்டு கொடுத்து வாங்கியது. டால்மோரும் கூடவே வந்தது. 2014-ல் 430 மில்லியனுக்கு பிலிப்பைன்ஸ் கம்பெனிக்குக் கைமாறியது. இந்தக் கணக்கையெல்லாம் மான் கொம்பு மறைத்துவிடுகிறது. மானைப் பார்த்தால் மன்னர் காலம் ஞாபகம் வருகிறதே தவிர, பாலன்ஸ் ஷீட் வருவதில்லை.

டிஸ்டிலரியைத் தொடங்கியவர் கதையும் மானுக்குப் பின்னால்தான் இருக்கிறது. 1839-ல் அலெக்சாண்டர் மாத்தசன். ஜார்டீன் மாத்தசன் கம்பெனியின் பங்குதாரர். சீனாவுக்கு அபினி விற்றுச் சம்பாதித்த கம்பெனி. அபினி விளைந்தது இந்தியாவில். இதற்காக இன்றைய விஸ்கியைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் பரம்பரையைச் சொல்லித்தான் விற்பேன் என்றால், பரம்பரையை முழுசாகச் சொல்ல வேண்டும் இல்லையா?

குடித்தால்? டால்மோர் 12: ஆரஞ்சு மார்மலேட், டார்க் சாக்லெட், காபி, கொஞ்சம் பட்டை கிராம்பு. ஆரம்பம் பிரமாதம். ஹீரோ என்ட்ரி மாதிரி. ஆனால் 40 சதவிகிதத்தில் அடைத்திருப்பதால் பாதியிலேயே நீர்த்துப்போகிறது. இன்டர்வெலுக்கு அப்புறம் கதை இல்லை. நியூஸ்பேப்பர் சோதனையில் கடைசியாக வந்தது. பேப்பரைப் பிரித்து மானைப் பார்த்ததும் இரண்டு பேர் மறுபடி ருசித்துவிட்டு, "இப்ப நல்லா இருக்கே!" என்றார்கள். அந்த 'இப்ப' என்ற ஒரு வார்த்தைக்குத்தான் கம்பெனிகள் கோடிக்கணக்கில் செலவழிக்கின்றன.

நாலாவது, க்ளைனலிஷ். வடகிழக்குக் கடலோரம், ப்ரோரா என்ற ஊர். பெயர் நிறையப் பேருக்குத் தெரியாது. ஆனால் ஜானி வாக்கர் குடித்தவர்கள், தெரியாமலே இதைக் குடித்திருக்கலாம். இதில் பெரும்பகுதி அந்தக் கலவைகளுக்குத்தான் போகிறது. 14 வருஷம், 46 சதவிகிதம், வெளிறிய தங்க நிறம். அலமாரியில் கவனிக்காமல் தாண்டிப் போய்விடுவீர்கள்.

வாயில் வைத்தால் ஒரு விசித்திரம்: மெழுகு. அணைத்த மெழுகுவத்தியின் வாசனை, நாக்கின் மேல் வழுக்கிக்கொண்டு போகிற ஒரு பூச்சு. அதற்குப் பின்னால் எலுமிச்சைத் தோல், தேன், மிளகு. இந்த மெழுகு எங்கிருந்து வருகிறது? மலையா, ஓடையா, கடற்காற்றா? ஒன்றுமில்லை. வடித்த சாராயம் இரண்டாவது காய்ச்சலுக்கு முன்னால் தங்குகிற ஒரு டாங்க். அதில் எண்ணெய்ப்பசையாக ஒரு படிவு சேர்கிறது. ஒருமுறை நன்றாகச் சுத்தம் செய்துவிட்டார்கள். மெழுகு ருசி காணாமல் போய்விட்டது. பதறிப்போய் மறுபடி படியவிட்டார்கள் என்பது விஸ்கி வட்டாரத்தில் பிரசித்தம். பழகிய தோசைக்கல்லை சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டுப் புது மருமகள் திட்டு வாங்குவாளே, அதேதான். எங்கள் வீட்டில் பாட்டி காலத்துக் கல்லை இன்றும் எண்ணெய்த் துணியால்தான் துடைப்பார்கள். இந்த ருசியின் மூலஸ்தானத்தை எந்த லேபிளிலும் படம் போட முடியாது. அழுக்கு டாங்க்கைப் போட்டால் யார் வாங்குவார்கள்? ஆகவே லேபிளில் ஒரு காட்டுப்பூனை.

அந்தப் பூனை சதர்லேண்ட் பிரபு குடும்பத்தின் சின்னம். க்ளைனலிஷைக் கட்டியவர், பிற்பாடு முதலாவது சதர்லேண்ட் டியூக் ஆன ஸ்டஃபர்ட் பிரபு. வருஷம் 1819. அதே வருஷங்களில் அவருடைய எஸ்டேட் நிர்வாகம் இன்னொரு வேலையும் செய்துகொண்டிருந்தது. உள்நாட்டுப் பள்ளத்தாக்குகளில் தலைமுறைகளாகப் பயிர் செய்து வந்த குடியானவர்களை ஆயிரக்கணக்கில் கிளப்பிக் கடற்கரைக்குத் துரத்தியது. ஆடு வளர்த்தால் வருமானம் அதிகம் என்பதற்காக. 1814-ல் ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கில் வீடுகளுக்குத் தீ வைக்கப்பட்டது. முன்னின்று நடத்திய பேட்ரிக் செல்லார் மீது, மரணத்துக்குக் காரணமானதாக 1816-ல் இன்வர்னெஸ்ஸில் வழக்கு நடந்தது. விடுதலை. அப்படிக் கடலோரத்தில் கொண்டுவந்து விடப்பட்ட குடியானவர்கள் விளைவிக்கும் பார்லிக்கு ஒரு சந்தை வேண்டும், அவர்கள் திருட்டுச் சாராயம் காய்ச்சாமலும் இருக்க வேண்டும். அதற்குத்தான் டிஸ்டிலரி.

சிங்கிள் மால்ட் விளம்பரங்களில் ஒரு படம் திரும்பத் திரும்ப வரும். பனிமூட்டம், பச்சைப் பள்ளத்தாக்கு, ஓர் ஓடை. கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு மனிதர் இல்லை. 'ஆகா, என்ன அமைதி' என்போம். அந்த அமைதி இயற்கை கொடுத்தது இல்லை. ஆளைக் கிளப்பிச் செய்த அமைதி. ஊர் பெயரைச் சொல்லி விஸ்கி விற்கிறார்கள், சரி. அந்த ஊரில் குடியிருந்தவர்கள் எங்கே என்பதும் ஊர் பற்றிய கேள்விதானே?

இவ்வளவையும் தெரிந்துகொண்ட பிறகும் சொல்கிறேன்: நாலில் முதலிடம் க்ளைனலிஷுக்கு. நியூஸ்பேப்பர் சோதனையிலும் அதுதான் முதல். பெயர் தெரியாத, நிறம் வெளுத்த, விளம்பரம் குறைந்த பாட்டில். திரவம் மட்டும் பேசியபோது ஜெயித்துவிட்டது.

கடைசியாக, மார்க்கு போடுகிறவர்கள். விஸ்கிக்கு நூற்றுக்கு இத்தனை என்று போடுவதைப் பிரபலமாக்கியவர் மைக்கேல் ஜாக்சன். நிலவில் நடந்தவர் மாதிரி ஆடினாரே, அவர் இல்லை. இவர் இங்கிலாந்தின் யார்க்ஷயர்க்காரர், தாடி வைத்த பத்திரிகையாளர். 1989-ல் இவர் எழுதிய 'மால்ட் விஸ்கி கம்பேனியன்' பல தலைமுறைக் குடிமக்களுக்குப் பாடப் புத்தகம். 2007-ல் இறந்துபோனார். அவருடைய வர்ணனைகளை நான் இன்றும் விரும்பிப் படிக்கிறேன். மார்க்கை மட்டும் கையால் மறைத்துக்கொள்கிறேன். 88-க்கும் 89-க்கும் நடுவில் என்ன இருக்கிறது? அவர் அன்று மத்தியானம் சாப்பிட்ட சாப்பாடாக இருக்கலாம். ஆனால் கடையில் 89 வாங்கிய பாட்டில்தான் கண்ணுக்கு முன்னால் வரும். ப்ளஸ் டூ ரிசல்ட்டுக்கு அப்புறம் பக்கத்து வீட்டுப் பையனைப் பார்க்கிற மாதிரி, 88-ஐ யாரும் மதிக்க மாட்டார்கள்.

வர்ணனையிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. 1979-ல் எடின்பரோவில் பென்ட்லண்ட்ஸ் ஆராய்ச்சி நிலையத்தில் 'சுவைச் சக்கரம்' என்று ஒன்றை உருவாக்கினார்கள். விஸ்கியின் வாசனைகளைப் பழம், பூ, புகை, மரம் என்று வகை பிரித்து ஒரு வட்டத்துக்குள் அடக்கியது. தொழில் செய்கிறவர்கள் ஒரே பாஷை பேச உபயோகமாக இருந்தது. ஆனால் நம்மூர் கிளப்களில் அந்த வார்த்தைகளை அப்படியே ஒப்பிக்கிறார்கள். "ஹெதர் பூ வாசனை வருதுல்ல?" ஹெதர் பூவை நேரில் பார்த்திருக்கிறீர்களா சார்? "கூஸ்பெர்ரி... கிறிஸ்துமஸ் புட்டிங்..." அது அவர்கள் பாட்டி வீட்டு வாசனை. வாசனை என்பது ஞாபகம். கடன் வாங்கிய ஞாபகத்தை வைத்து முகர முடியாது.

இளம் மால்ட்களில் வாழைப்பழ வாசனை வரும். கற்பனை இல்லை. பழுத்த வாழையில் இருக்கும் ஐசோ அமைல் அசிடேட் என்ற எஸ்டர், புளிக்கும் ஈஸ்டிலிருந்து விஸ்கியிலும் வருகிறது. அதைக் கண்டுபிடிப்பதில் பழத்தார் தொங்கும் பெட்டிக்கடை பார்த்து வளர்ந்த நமக்கு எந்த ஸ்காட்லாந்துக்காரனையும்விட மூக்கு கூர்மை. டால்மோரில் எனக்குக் கிடைத்தது மார்மலேட் என்று மேலே எழுதினேன். நியாயமாகச் சொன்னால், வெல்லப்பாகில் ஊறிய நாரத்தங்காய். க்ளைனலிஷில், கார்த்திகை தீபம் அணைந்த பிறகு வாசலில் நிற்குமே, அந்தத் திரி வாசனை. இதை எழுதினால் எடின்பரோவில் புரியாது. புரிய வேண்டாம். குடிப்பது நீங்கள்.

ஆகவே, மச்சினர் பாட்டில் கொண்டுவந்தால் ஒன்று செய்யுங்கள். அட்டைப் பெட்டியை ஓரமாக வையுங்கள். பாட்டிலை யாராவது ஒருவர் உள்ளே கொண்டுபோய் ஊற்றி, கிளாஸை மட்டும் கொண்டுவரட்டும். ஊறுகாய் வேண்டாம், சோடா வேண்டாம், பத்துச் சொட்டுத் தண்ணீர் போதும். முகர்ந்து பார்த்து உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது என்று ஒவ்வொருவரும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதுங்கள். அப்புறம் விலையைக் கேளுங்கள்.

ஒருவேளை நன்றாகவே இல்லை என்று தோன்றினால், அதையும் தைரியமாகச் சீட்டில் எழுதலாம். மச்சினரிடம் மட்டும் காட்ட வேண்டாம்.